தரங்கம்பாடிப் பழைய வீடு வாடகைக்கு வந்த கதை

காரைக்காலை அடுத்த தருமபுரத்து யாழ்மூரிநாதரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே கிளம்பினால், பூவம், நண்டலாற்றுப் பாலம், பொறையார் தாண்டித் தரங்கம்பாடி வந்துவிடும். ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த கடலோர பங்களாவில் இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துத் தங்கலாம். அந்த நிலைமை வந்ததற்குப் பின்னால் ஓர் ஊர் நொடித்த கதை இருக்கிறது.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9 அன்று டென்மார்க் மன்னர் அனுப்பிய இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் சீகன்பால்கு. தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். 1719-இல், 36 வயதில் இங்கேயே மறைந்தார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

1845-இல் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது டென்மார்க். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கும் அந்தப் பக்கம் போயிற்று. வசதியான ஊர்களில் பழைய வீட்டை இடித்துப் புது மாடி எழுப்பினார்கள். இங்கே இடிக்கவும் கையில் காசில்லை. வீடுகள் தப்பியது அதனால்தான்.

தப்பினாலும் உப்புக்காற்று விடவில்லை. ராஜஸ்தானில் இடிந்த கோட்டையை விடுதியாக்கிப் பேர் வாங்கிய நீம்ரானா நிறுவனம், அந்தக் கலெக்டர் பங்களாவைச் செப்பனிட்டு அறைகளை வாடகைக்கு விட்டது. 2004 சுனாமிக்குப் பின் கோல்ட்ஸ்மித் தெருவின் பழைய வீடுகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழுதுபார்த்தது.

இந்த வீடுகளின் உயிர் சுண்ணாம்பில் இருக்கிறது. மரவிட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, கோணவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த கூரைதான் மெட்ராஸ் டெரஸ். சுண்ணாம்புப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே சிக்கி, செங்கல் மாவாகக் கொட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கூலியும் கூடுதல். அந்தச் செலவைத் தாங்குவது விருந்தாளி கொடுக்கும் வாடகைதான்.

காரைக்காலிலும் பிரெஞ்சுக் காலத்து வீடுகள் மிச்சமிருக்கின்றன. அப்படியொரு வீடு உங்கள் பெயரில் இருந்தால், இடிக்க ஆள் கூப்பிடுமுன் ஒருமுறை தரங்கம்பாடி போய்த் தங்கிப் பாருங்கள். அறை வாடகையை விசாரித்துக்கொண்டு வந்து கணக்குப் போடுங்கள்.