ஓலையும் கைப்பேசியும்

இராயப்பன்பட்டி, போடி, தேனி என எந்தப் பங்கிலும் ஞாயிறு திருப்பலியின்போது மணமக்கள் பெயரை வாசிக்கும் 'ஓலை' நமக்குப் பழகிய ஒன்று. மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்படும். தடை ஏதேனும் அறிந்தோர் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். கைப்பேசிச் செயலிகளில் இளையோர் துணை தேடும் இந்நாளில், அவ்வோலை பிறந்த கதையை நாம் நினைவுகூர்வது தகும்.

1215ஆம் ஆண்டில் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இவ்வறிக்கையைத் திருச்சபை முழுமைக்கும் விதித்தது. மறைவில் வாக்குக் கொடுத்து மணந்து, பின்னர் அதை மறுத்து வேறொருவரை மணந்தோர் அன்றைய ஐரோப்பாவில் பலர். கைவிடப்பட்டவளுக்குச் சாட்சி சொல்ல எவருமில்லை. எனவே 1563இல் திரெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் சாட்சிகளும் இன்றி நிகழும் மணம் செல்லாது என்றது. பெற்றோர் இசைவையும் நிபந்தனையாக்குமாறு பிரான்சு அரசு வற்புறுத்தியது, சங்கத்தார் இணங்கவில்லை. மணமக்களின் மனவிருப்பமே மணத்தை ஆக்குகிறது. ஊரார் அதை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஊரறிதல் வேரூன்றிய அளவுக்கு மனவிருப்பம் வேரூன்றவில்லை. பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் பெரியோர் செயலாயின. ஒரே பீடத்தில் நற்கருணை உட்கொள்வோர் சாதி கடந்து சம்பந்தம் செய்யத் தயங்கினர், இன்றும் தயங்குகின்றனர்.

1997இல் அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன் தமிழர்க்கென ஓர் இணையதளம் தொடங்கினார். அதிலிருந்த மணமக்கள் பகுதியே பாரத் மாட்ரிமோனியாக வளர்ந்தது. தம் துணைவியையும் அவர் அதன் வழியே கண்டார். தரகர் கைப்பை கணினிக்குள் புகுந்தது எனலாம். சாதி என்னும் கட்டம் அழியவில்லை. அதை வைத்துச் சலித்தெடுப்பது எளிதாயிற்று.

2012இல் வந்த டிண்டர் செயலியோ படத்தையும் வயதையும் தொலைவையும் காட்டுகிறது. எந்தத் தெரு என்று கேட்பதில்லை. (தொலைவும் நேர்கோட்டுக் கணக்கே, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளை அது அறியாது!) இருவரும் விரும்பினாலன்றி உரையாடல் தொடங்காது. பெரியோர் நெடுங்காலம் தர மறுத்த உரிமை இது. இதை இகழ நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் எதிரில் இருப்பவர் ஏற்கெனவே மணமானவரா என்பதற்கு அங்கே சாட்சி இல்லை. 1215இல் எழுந்த அதே கேள்வி, எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணின் உள்ளங்கையில் நிற்கிறது.

செயலியில் சந்தித்தோரும் ஆலயத்தில் மணம் முடிக்க விரும்பினால் அவர்கள் பெயரும் ஓலையில் வருகிறது. அன்று பலர் காதுகொடுத்துக் கேட்பது மணமக்களின் பெயரை அன்று, தந்தை பெயரையும் ஊரையும்தான்.