கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள்: நீலகிரி மாவட்டம்

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு நாள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது 1976-ஆம் ஆண்டில் இதே தேதியில்தான். அன்று உதகையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அரசு ஊழியர்கள் உறுதிமொழி ஏற்பது வழக்கம். இது பொது விடுமுறை நாள் அன்று. அடிமை முறை நெடுங்காலம் வேரூன்றியிருந்த கூடலூர், பந்தலூர் பகுதிகளை உள்ளடக்கிய நீலகிரிக்கு இந்த நாள் தனிப்பொருள் கொண்டது.

பெயர்களும் வகைகளும்

கடனுக்கு ஈடாக உழைப்பைப் பெறும் வழக்கங்கள் ஏறத்தாழ முப்பதைச் சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தென்னிந்தியாவுக்கு உரியவை அடியமார், செருமார், படியாள், பண்ணையாள், வெட்டி, பாலேரு, ஜீதா முதலியவை. படியளந்து தரும் தானியத்துக்கு உழைப்பவர் படியாள். ஒரு பண்ணைக்கே கட்டுப்பட்டவர் பண்ணையாள். கூலியில்லா உழைப்பு வெட்டி. அடியமார், செருமார் ஆகியவை மலபார் வழக்குகள். இத்தகைய உழைப்பு இருந்தால், எழுத்து இல்லாவிட்டாலும் கடன் ஒப்பந்தம் இருந்ததாகவே கருதப்படும். நீலகிரியில் பெரிதும் பாதிக்கப்பட்ட பணியர் என்ற பழங்குடியினரின் பெயர் பட்டியலில் இல்லை. ஆயினும் சட்டம் பார்ப்பது பெயரை அன்று, உழைப்பின் தன்மையை.

வயநாட்டு அடிமை முறை

இன்றைய கூடலூர், பந்தலூர் வட்டங்கள் முன்பு மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாக இருந்தன. நம்பாலக்கோடு, முனநாடு, சேரங்கோடு ஆகிய அம்சங்கள் (வருவாய்ப் பிரிவுகள்) 1877-இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்டன. நிலங்கள் ஜென்மிகள் எனப்படும் நில உடைமையாளர்களின் கையில் இருந்தன; நிலம்பூர்க் கோவிலகம் அவர்களுள் பெரியது. வயலில் உழுது நட்டு அறுத்தவர்கள் பணியர். பணி செய்பவர் என்பதே அப்பெயரின் பொருள். ‘பாடி’ எனப்படும் சிறு குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தனர். நிலம் கைமாறியபோது அவர்களும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுப்பில் பதிவு செய்துள்ளார்.

மானந்தவாடி அருகே உள்ள வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழா இம்முறையின் மையமாக விளங்கியது. பங்குனியில் நடைபெறும் அவ்விழாவின்போது அடியர் என்ற பழங்குடியினரும் பணியரும் அங்குத் திரள்வார்கள். ‘நில்பு பணம்’ என்ற சிறு தொகையை நில உடைமையாளர் கொடுப்பார். வாங்கியவர் அம்மன்மேல் ஆணையிட்டு அடுத்த ஓராண்டுக்கு அவரிடமே நிற்க வேண்டும். வாக்குத் தவறினால் தெய்வக் குற்றம் என்ற அச்சமே விலங்காயிற்று.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவர்மீது அடிமை உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால் நில்பு பணம் நின்றபாடில்லை. ஆளை விற்பதைத்தான் சட்டம் தடுத்தது. ஆளைக் கட்டிப்போட்ட கடனை அது தொடவில்லை.

தோட்டங்களும் முன்பணமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபியும் தேயிலையும் மலைச்சரிவுகளை நிறைத்தன. சமவெளியிலிருந்து ஆள் பிடித்து வந்த கங்காணிகள் முன்பணம் கொடுத்தே குடும்பங்களை ஏற்றினர். 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் பெற்றபின் வேலையை விட்டவரைச் சிறையில் அடைக்க முடிந்தது. 1903-இல் தோட்டத் தொழிலுக்கென்றே சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 1925-இல் நீக்கப்பட்டது. தோட்டங்களில் நிலவியது அடிமைத்தனத்தின் மறுவடிவமே.

1976-ஆம் ஆண்டுச் சட்டம்

1975 அக்டோபர் 24-இல் அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டு மறுநாளே இது நடைமுறைக்கு வந்தது. எனினும் நினைவுகூர உரிய நாள், முழுச் சட்டமாக உருப்பெற்ற பிப்ரவரி 9 ஆகும். முந்தைய சட்டங்கள் தொடாததை இது தொட்டது. கொத்தடிமைக் கடன் அனைத்தும் அழிந்தது. அதைத் திருப்பித் தரும் கடமை யாருக்கும் இல்லை. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கொடுத்தவரைச் சேரும். மீறுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பிடத்தக்க நாள்கள்

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்டதை அமெரிக்கா 2021 முதல் தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறது. மொரீசியசில் 1835-இன் அடிமை ஒழிப்புக்காகப் பிப்ரவரி 1 பொது விடுமுறை. அங்கே விடுதலை பெற்றவர்களின் இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் தமிழரும் இருந்தனர். ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நவம்பர் 2-உம் அந்நாட்டில் விடுமுறையே. நீலகிரியின் வரலாறும் இந்த இரட்டை வரலாற்றைச் சேர்ந்தது. இங்கும் விடுமுறை அளித்து நினைவுகூரத் தகுந்தது.

இன்றைய நிலை

மீட்கப்படுவோருக்கு அரசின் நிதியுதவியும் மறுவாழ்வுத் திட்டமும் உள்ளன. பணியர், மாவட்டத்தின் ஆறு நலிவுற்ற பழங்குடிகளுள் ஒருவராகப் பட்டியலிடப்பட்டுள்ளனர்.