மூப்பும் சாட்சியமும்

இறந்துபோன தகப்பனாரின் கணக்கை முடிப்பதற்காக இருவர், இராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வந்தார்கள். வாரிசுச் சான்றிதழில் இருவருக்கும் ஒரே வயது. இரட்டையர். பணம் சரிபாதி, யார் மூத்தவர் என்பதற்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். ஒருவர் மற்றவரைக் காட்டி ‘அண்ணன்’ என்றார். அண்ணன் சொன்னார்: ‘ஆத்தா சொன்னதுதான் சார். ஆத்தாவுக்கு மருத்துவச்சி சொன்னது.’

சேதுபதிகளின் ஊரில் இந்தக் கேள்வி ராஜ்யத்தையே தொட்டது. அவர்கள் ராமன் கட்டிய சேதுவுக்குக் காவலர் என்று பட்டம் தரித்தவர்கள். அந்த ராமனுக்குப் பிறந்ததும் இரட்டை. முதலில் பிறந்த குழந்தையைக் குசப்புல்லாலும் அடுத்ததை லவத்தாலும் துடைக்கும்படி வால்மீகி முனிவர் சொன்னதாக உத்தரகாண்டம் கூறுகிறது. துடைத்தவர்கள் ஆசிரமத்து முதிய பெண்கள். அதாவது குசன் மூத்தவன் என்பதற்கு அந்தக் கிழவிகளே சாட்சி. பின்னால் ராமன் கோசலத்தைக் குசனுக்கும் உத்தர கோசலத்தை லவனுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறான். மூப்பு தெரிந்திருந்தும் முழு ராஜ்யத்தை அது ஒருவனிடம் சேர்க்கவில்லை.

இரட்டையருக்குப் பிறப்பின் வரிசையே மூப்பு என்பது மனு ஸ்மிருதி. பாகவதம் வேறு மாதிரி எண்ணுகிறது. முதலில் வெளியே வந்தவன் இரணியாட்சன். முதலில் கருவில் தங்கியவன் இரணியகசிபு. பாகவதத்தில் இரணியாட்சன்தான் தம்பி. ஒரே வயிறு, இரண்டு ‘முதல்’. மூப்பை இயற்கை தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். எங்கிருந்து எண்ணுவது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள்.

இரட்டையர் அல்லாதவரிடம் இந்தக் குழப்பம் இல்லை என்று தோன்றலாம். இராமநாதபுரத்துச் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கூத்தன் சேதுபதிக்குப் பிறகு அவர் சகோதரர் சடைக்கன் பட்டத்துக்கு வந்தார். கூத்தனின் இரண்டாவது மனைவி வயிற்றுப் பிள்ளை உரிமை கேட்டுக் கிளம்பினார். அவருக்குப் பெயரே தம்பித் தேவர். 1645இல் சடைக்கன் கொலையுண்டார். மதுரைத் திருமலை நாயக்கர் சீமையை மூன்றாகப் பிரித்து வழக்கைத் தீர்த்தார். பங்குகள் மறுபடி ரகுநாத சேதுபதியிடம் ஒன்றாயின.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1847. 1830இல் கணவரை இழந்திருந்த ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். பிள்ளை முத்துராமலிங்கம். அவருக்குப் பொன்னுச்சாமித் தேவர் என்று ஓர் அண்ணன் உண்டு. மூத்த மகனைத் தத்துக் கொடுக்கலாகாது என்பது மிதாட்சரத்தின் கருத்து. அந்தச் சாஸ்திரப்படி பார்த்தால், அண்ணனாகப் பிறந்ததே அண்ணனுக்குத் தடை. தம்பி சேதுபதியானார், அண்ணன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார்.

கணவன் அனுமதி இல்லாமல் விதவை தத்தெடுத்தது செல்லாது என்றது கம்பெனி அரசாங்கம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1868இல் தீர்ப்பு: தென்னாட்டு வழக்கப்படி பங்காளிகளின் சம்மதம் இருந்தால் போதும், நிரூபணமான வழக்கம் சாஸ்திர வாசகத்தைவிட வலியது. இங்கேயும் நிலைத்தது, உடனிருந்தவர்கள் சொன்ன சொல்தான். மருத்துவச்சியின் இடத்தில் பங்காளிகள், அவ்வளவே.

அண்ணன் பொன்னுச்சாமித் தேவர், ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குத் துணை நின்றவர். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். தம்பியின் மகன் பாஸ்கர சேதுபதி, விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்கு உதவியவர். எந்தக் கிளை மூத்தது என்று தமிழ் படிப்பவன் கேட்பதில்லை. ஆனால் பட்டம் ஒரு கிளைக்குத்தான் இருந்தது. பொன்னுச்சாமித் தேவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்குத் தீர்ப்பில் இடமில்லை. ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அந்தக் கேள்வி அவசியப்படவில்லை.

கௌண்டரில் படிவத்தை நீட்டினேன். யார் முதலில் கையெழுத்துப் போட்டாலும் சரி என்றேன். தம்பி பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, அண்ணனிடம் கொடுத்தார்.