வேடமும் பேச்சும்: மலையகக் கூத்திலும் புனைகதையிலும் பாத்திரம் உருவான வரலாறு

1

புனைகதையிலோ நாடகத்திலோ ஒரு பாத்திரம் நம்பத்தக்கதாக அமைவதும், அதன் பேச்சு இயல்பாக ஒலிப்பதும் எழுத்தாளனின் தனித்திறமையைச் சார்ந்தவை என்ற கருத்து நம்மிடையே பரவலாக நிலவி வருகின்றது. கூர்ந்த செவியும் நல்ல நினைவாற்றலும் உடையவன் நல்ல உரையாடலை எழுதுவான் என்பர். இக்கருத்து முற்றிலும் தவறானதன்று. ஆயினும் குறைபாடுடையது. எவருடைய பேச்சு இலக்கியத்துக்குரியதாகக் கருதப்பட்டது, எவருடையது விலக்கப்பட்டது, விலக்கப்பட்டோர் எப்பொழுது, எச்சூழ்நிலையில் பேசத் தொடங்கினர் ஆகிய வினாக்களை அது எழுப்புவதில்லை. உரையாடலுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. மலையகத் தமிழ் மக்களின் கூத்தையும் புனைகதையையும் சான்றாகக் கொண்டு அவ்வரலாற்றின் சில கூறுகளை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டினைப் பிரித்துக் கூறியமை அறிஞர் அறிந்ததே. கலையில் வரும் மனிதன் உலகில் வாழும் மனிதனின் நேர்ப்படியல்லன் என்ற தெளிவு தமிழ் மரபுக்குத் தொன்மையானது. 1888இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், விவரங்களில் உண்மையாக இருப்பது மட்டும் யதார்த்தவாதத்துக்குப் போதாது என்றும், வகைமாதிரியான சூழ்நிலையில் வகைமாதிரியான மாந்தரைக் காட்டுவது வேண்டும் என்றும் விளக்கினார். இவ்விரு நோக்குகளையும் இணைத்துப் பார்க்கையில், பாத்திரத்தின் உண்மை அதன் சொற்களில் மாத்திரமன்றி, அச்சொற்களைப் பிறப்பிக்கும் உறவுகளிலும் தங்கியுள்ளது என்பது புலனாகும்.

2

நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், வட்டவளையைக் கடந்ததும் வருவது றொசல்ல. 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய இப்பாதை 1885இல் நானுஓயாவைச் சென்றடைந்தது. 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட காலம் அது. மலையிலிருந்து தேயிலையை இறக்குவதற்கென அமைந்த பாதை அரிசியையும் துணியையும் ஆட்களையும் மேலே கொண்டுவந்தது.

ஆட்களோடு வந்தது கூத்து. தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு வந்தோரிடம் நிலமிருக்கவில்லை, கடன் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தொழிலாளியின் கடனைக் குறித்து வழங்கப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டே 1921இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை அவனது நடமாட்டத்தை நிருணயித்தது. துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை என்று மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட அதிகாரத்தின் அடியில், லயத்துக் காம்பராவில் வாழ்ந்த மனிதனுக்குத் தன் குரலைத் தானே கேட்கும் வாய்ப்புக்கள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது காமன் கூத்து.

மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும் இக்கூத்தின் கதை எளியது. தவத்திலிருக்கும் சிவனின் தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனுக்குப் பணிக்கின்றனர். போகவேண்டாம் என்று ரதி தடுக்கின்றாள். மன்மதன் போகின்றான், எரிக்கப்படுகின்றான். ரதி புலம்புகின்றாள்; பின் அவன் உயிர்பெற்றெழுகின்றான். தப்பு முழங்க, விரதம் காத்த தோட்டத்து ஆடவரே ரதியும் மன்மதனும் ஆகின்றனர்.

இங்கு வேடம் புனைபவன் தொழில்முறை நடிகன் அல்லன். பகலில் மண்வெட்டியோ கவ்வாத்துக் கத்தியோ பிடித்தவன் இரவில் மன்மதன் ஆகின்றான். பார்ப்போர் அனைவருக்கும் அவனைத் தெரியும். அவன் யார் மகன், எந்த லயத்தவன் என்பதும் தெரியும். அவ்வாறிருந்தும் அவனை மன்மதனாக ஏற்கின்றனர். இந்நம்பிக்கை தோற்ற ஒற்றுமையால் வருவதன்று. மேலிடத்து ஆணையை மறுக்கமுடியாமல் சாவை நோக்கிச் செல்லும் கணவனும், அவனைத் தடுக்கமுடியாமல் வாசலில் நிற்கும் மனைவியும் அப்பார்வையாளரின் வாழ்விலேயே இருந்தனர். தேவர் கட்டளை துரை கட்டளையாகவும் கேட்கப்பட்டிருக்கும் என்று நாம் கருதுவதற்கு இடமுண்டு. ரதியின் புலம்பல் தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரியோடு நெருங்கிய உறவுடையது. அதனை ஓர் ஆண் பாடுகின்றான் என்பது எவருக்கும் உறுத்துவதில்லை. அவன் பாடுவது தன் தாயிடமும் சகோதரியிடமும் கேட்டறிந்த துயரத்தை.

எனினும் இதன் எல்லையையும் கூறவேண்டும். கூத்தில் மன்மதனும் ரதியும் பாட்டின் மொழியிலேயே தர்க்கம் செய்கின்றனர். தோட்டத்து அன்றாடப் பேச்சு கோமாளியின் வாயிலும் இடையில் வரும் சில்லறைப் பாத்திரங்களின் வாயிலும் சிரிப்புக்காக மட்டுமே இடம்பெறுகின்றது. உயர்ந்தோர்க்குப் பாட்டு, தாழ்ந்தோர்க்குப் பேச்சு என்ற பழைய பாகுபாடு இங்கும் நிலைத்திருந்தது. தொழிலாளி தன் துயரத்தை மன்மதனின் வேடத்தில் பாடமுடிந்தது. தன் பெயரில், தன் மொழியில் பேச முடியவில்லை.

3

இந்நிலை மாறுவதற்குத் தொழிற்சங்க இயக்கம் தேவைப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியின் வேடத்தில் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. இதனை வெறும் துணிகரச் செயலாக மட்டும் கொள்ளலாகாது. சட்டமும் வேலியும் பிரித்து வைத்த இரு உலகங்களுக்கிடையே, அறிவாளி ஒருவன் வேடம் புனையாமல் தொழிலாளியின் பேச்சைக் கேட்கவே முடியாதிருந்தது என்பதே இதன் பொருள்.

1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த நடேசய்யர், 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்னும் அவரது நாடகமும், அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடிய பாடல்களும் 1930களையும் 1940ஆம் ஆண்டையும் ஒட்டியவை. இவை இயக்கத் தேவையிலிருந்து எழுந்தவை. புராண மாந்தரின் இடத்தில் தோட்டத் தொழிலாளியே நாடகத்தின் பொருளாகிய மாற்றம் இங்கு நிகழ்ந்தது. வேடத்தைக் களைந்து மேடையேறுவதற்கு அவனுக்குச் சங்கம் வேண்டியிருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலையிலிருந்து தெரிவானவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் வாக்குரிமையும் பறிபோயிற்று. பாராளுமன்றத்தில் குரல் மறுக்கப்பட்ட மக்களின் குரல், அடுத்த இருபதாண்டுகளில் புனைகதையில் ஓங்கி ஒலிக்கத் தொடங்கியது தற்செயலன்று.

4

சி.வி. முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்து வாழ்வைப் பற்றிய அவரது நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். பிற்காலத்தில் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டதும், ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ ஆகிய நாவல்களைத் தந்ததும் அவரே. ஆங்கிலத்திலிருந்து மக்கள் பாடலுக்கு வந்த இப்பயணம் யாருக்காக எழுதுவது என்ற வினாவுக்கு அவர் கண்ட விடையாகும். 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, தமிழகக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தோரின் வாழ்வைத் தலைமுறை வரலாறாக விரித்தது.

இதே 1960களில் ஈழத்து இலக்கிய உலகில் ‘இழிசனர் வழக்கு’ பற்றிய விவாதம் எழுந்தது. உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிற் கையாளுவது தமிழைச் சிதைப்பது என மரபுவாதிகள் வாதிட்டனர். முற்போக்கு எழுத்தாளர் அதனை மறுத்தனர். விவாதம் மொழியைப் பற்றியதாகத் தோன்றினும், அதன் அடியில் இருந்தது எந்த வர்க்கத்தவன் கதைத்தலைவனாகலாம் என்ற வினாவே.

மலையகம் இவ்வினாவுக்குப் படைப்பினால் விடையளித்தது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1960களின் தொடக்கத்தில் தினகரனில் வெளிவந்து, 1980இல் அதே பெயரிலான தொகுதியில் இடம்பெற்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் உழைப்பே கதையின் நடுநாயகமாயிற்று. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), ‘நாமிருக்கும் நாடே’ (1979) ஆகிய நூல்களும், அவர் கதை வசனம் எழுதிய ‘புதிய காற்று’ (1975) திரைப்படமும் தோட்டத்துப் பேச்சைப் பரந்த வாசகரிடமும் பார்வையாளரிடமும் கொண்டுசென்றன.

5

இவ்வெழுத்துக்களின் உரையாடல் இயல்பானது என்று கூறும்பொழுது நாம் எதனைச் சுட்டுகின்றோம்? லயம், காம்பரா, இஸ்தோப்பு, பெரட்டு, கொந்தரப்பு, அரைப்பேர் முதலிய சொற்கள் இடம்பெறுவதையா? இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றைத் தாங்கியவை என்பதில் ஐயமில்லை. நாட்கூலியைப் ‘பேர்’ என்று வழங்குமிடத்தில், அரைநாள் வேலைக்கு மனிதனின் பேரே பாதியாகக் குறைகின்றது. ஆயினும் சொற்பட்டியல் உரையாடல் ஆகாது. அயலூர்க்காரர் எவரும் இருபது சொற்களைக் கற்றுத் தம் கதைமாந்தரின் வாயில் திணித்துவிடலாம். அது பேச்சன்று, ஒப்பனை.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். றொசல்ல, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் கொழுந்து நிறுக்குமிடத்தில் நிறை குறைக்கப்படுவது பற்றிய மனக்குறை மிகப் பழையது. இம்மனக்குறையை ஒரே பெண் மூவரிடம் கூறுவதாகக் கொள்வோம். கணக்கப்பிள்ளையிடம் அவள், “நெறையில கொஞ்சம் கொறயுதுங்க ஐயா” என்பாள். நிரையில் அருகில் நிற்பவளிடம், “பாத்தியா மதினி, மூணு கிலோவ வெட்டிப்புட்டான்” என்பாள். மாலையில் சங்கத் தலைவரிடம், “தெனம் வெட்டுறாங்க தலைவரே, நாளைக்கும் இப்பிடின்னா மலைக்கிப் போகமாட்டோம்” என்பாள்.

செய்தி ஒன்றே. முதற் கூற்றில் வினைமுதல் இல்லை. நிறை தானாகவே குறைகின்றது. குறைத்தவன் எதிரே நிற்பதால் அவன் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகின்றான். இரண்டாவதில் அவன் வெளிப்படுகின்றான். மரியாதை விகுதி கழன்று ‘ஆன்’ விகுதி வருகின்றது. மூன்றாவதில் ஒருவன் ‘வெட்டுறாங்க’ என்று பலராகின்றான். அவளும் ‘மாட்டோம்’ என்று பலராகின்றாள். தனிமனிதக் குறை வர்க்கக் கோரிக்கையாக மாறும் வரலாறு ஒரு வினைமுற்றின் விகுதியில் பதிந்து கிடக்கின்றது. இம்மூன்று குரல்களையும் உடையவளே முழுமையான பாத்திரம். அவற்றுள் முதலாவதை மட்டும் எழுதுபவர் பணிவுள்ள கூலியைப் படைப்பார். மூன்றாவதை மட்டும் எழுதுபவர் சுலோகத்தைப் படைப்பார். முற்போக்கு இலக்கியத்தின் சில படைப்புக்கள் இரண்டாவது வகைக் குறைக்கு ஆளாயின என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. தொழிலாளி எந்நேரமும் மேடையில் நிற்பவன்போல் பேசினால், அவன் மன்மத வேடத்தைக் களைந்து இன்னொரு வேடத்தைப் பூண்டவனாகவே தோன்றுவான்.

எனவே இயல்பான உரையாடல் என்பது, பேசுவோன் யாரிடம், எந்த அதிகார உறவில், எதனை இழக்கும் அச்சத்தோடு அல்லது எதனைப் பெறும் நம்பிக்கையோடு பேசுகின்றான் என்பதை எழுத்தாளன் அறிந்து எழுதும் உரையாடலாகும். சொல்லப்படாதது எது என்பதும் அதில் அடங்கும்.

6

1970களின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது; 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 1964, 1974 ஒப்பந்தங்களின் வழி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது. இளைஞர் பலர் கொழும்பின் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். பெருநகரில் தம் பேச்சினால் ‘தோட்டத்தார்’ என்று அடையாளங் காணப்பட்டு இகழப்படுவோமோ என அஞ்சி, அப்பேச்சையே மறைத்துக்கொள்வோர் உளர். தொழில் தேடி இன்னொருவராய் நடிக்கும் இவ்வேடம் கூத்து வேடத்தினும் கடினமானது. இதற்கு விடியலில் கலைக்கும் ஒப்பனையில்லை.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோது, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியே பலர் நடந்தனர். பாதையை மீட்டெடுத்ததுபோல் பேச்சையும் மீட்டெடுக்கலாமா என்று கேட்கத் தோன்றும். பேச்சைக் காட்சிக்கூடத்தில் வைத்துக் காப்பாற்ற இயலாது. அது வாழும் உறவுகளோடு மாறுவது. இன்றைய எழுத்தாளர்க்குரிய பணி பாட்டன் காலச் சொற்களைக் கோத்துக் கொடுப்பதன்று. கொழும்புக் கடையில் முதலாளியிடம் ஒரு மொழியும், கைப்பேசியில் தாயிடம் ஒரு மொழியும் பேசும் றொசல்ல இளைஞனின் இரு குரல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதுவதாகும். அத்தூரத்தை உண்டாக்கிய சமூக உறவுகளை விளங்கிக்கொண்ட எழுத்தே அவனை நம்பத்தக்க மனிதனாக நம்முன் நிறுத்தும்.