பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையும் புத்தளக் கரையோரமும்

கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை பற்றிய விவரத்திரட்டு ஒன்றையும், 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் காலத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகமும் இல்லை. அதனுள் நுழைதற்குரிய பரீட்சையும் இல்லை. அவர் பிறந்த கரையோரத்துப் பிள்ளைகளோ பின்னாளிற் பரீட்சை என்னும் வாயிலைக் கடந்தே உயர்கல்வியை எய்த வேண்டியவராயினர். அவ்வாயிலின் வரலாற்றை ஆராயுமிடத்து, விடைத்தாளில் எழுதியது மட்டுமன்றி, விண்ணப்பப் பத்திரத்திற் குறித்த மொழியும் மாவட்டமும் மாணாக்கரின் எதிர்காலத்தை வகுத்தமை புலனாகும்.

1880ஆம் ஆண்டு முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கையில் நடைபெற்றன. 1921இல் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், அது தன் புகுமுகப் பரீட்சையைத் தானே நடத்தியது. அக்காலத்தில் அவ்வாயிலின் திறவுகோல் ஆங்கிலமே. தாய்மொழிப் பாடசாலையிற் பயின்ற உடப்புக் கிராமத்துப் பிள்ளைக்கு அத்திறவுகோல் கிட்டுதல் அரிதாயிருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்னும் தடை நீங்கியும் மொழித்தடை நீங்கிற்றில்லை. 1960இல் கலைத்துறையிலே சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. 1964இல் பல்கலைக்கழகத்தின் தனிப் பரீட்சை ஒழிந்து, கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை அதன் இடத்தைப் பெற்றது.

தாய்மொழியால் வாயில் திறந்ததென்று மகிழ்ந்தோர்க்கு அம்மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. 1971ஆம் ஆண்டு அநுமதிக்கு, நானூறு புள்ளிகளில் மருத்துவத்துறைக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளியும், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229 புள்ளியும் பெறவேண்டுமென வரையறுக்கப்பட்டது. பொறியியலுக்கு அவ்வெல்லைகள் முறையே 250, 227 ஆயின. இதனால் யாழ்ப்பாணம் அடைந்த துயரம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. புத்தளக் கரையோரத்தின் நிலையோ அவ்வளவாக எடுத்துரைக்கப்படவில்லை. நூற்றாண்டுப் பழமையும் ஆய்வுகூடங்களும் உடைய யாழ்ப்பாணக் கல்லூரி மாணாக்கனுக்கு வகுத்த உயர்ந்த எல்லையே, அவ்வசதிகளைக் காணாத கரையோரத் தமிழ்மொழி மாணாக்கனுக்கும் எல்லையாயிற்று. மொழி ஒன்றாதலின் வாய்ப்பும் ஒன்றெனக் கொள்ளப்பட்டது. வறிய பாடசாலைக்கு உதவுவதே நோக்கமாயின், அந்நோக்கத்தை அவ்வளவுகோல் நிறைவேற்றவில்லை என்பது தெளிவு.

1974இல் மாவட்டப் பங்கீடு புகுத்தப்பட்டது. பல மாற்றங்களின்பின், 1979இல் திறமைக்கு 30 வீதமும், மக்கள்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கு 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதமும் ஒதுக்கப்பெற்றன. இன்று மருத்துவம், பொறியியல் முதலாய துறைகளில் அவ்வீதங்கள் 40, 55, 5 என அமைந்துள்ளன. கல்வியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்படும் பதினாறு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. இம்முறையால் இம்மாவட்டத்தார் பெற்ற நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் மாவட்டம் முழுவதும் ஒரே தன்மைத்தன்று. தெற்கே நகரப் பாடசாலைகள் மலிந்த கரையும், வடக்கே வாவிக்கும் கடலுக்குமிடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பமும் ஒரு பெயராலேயே வழங்குகின்றன. பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியரில்லாத ஊரின் பிள்ளை, அவை குறைவற அமைந்த நகரத்துப் பிள்ளையோடு அதே மாவட்டப் பங்கிற்குப் போட்டியிட வேண்டும். 1990இல் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இக்கரையோரத்தில் வந்து தங்கினர். அவர்தம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, ‘எம் மாவட்டம் எது?’ என்னும் வினா வினாத்தாளிலுள்ள வினாக்களினும் கடினமாயிற்று.

2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளிமுறை கையாளப்படுகிறது. ஒரு பாடத்தில் மாணாக்கன் பெற்ற புள்ளி சராசரியினின்று எவ்வளவு விலகியுள்ளதென்பதை நியம விலகலால் வகுத்துக் காணும் முறை இது. வெவ்வேறு பாடங்களை ஒப்பிட இது துணைபுரியும். ஆசிரியரின்றிக் கழிந்த ஆண்டுகளை ஈடுசெய்யும் ஆற்றல் எக்கணிதத்திற்கும் இல்லை.

ஆதலின், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தலென்பது பரீட்சை நடைபெறும் ஆண்டில் தொடங்குவதன்று. அதிபர் வழியாக விண்ணப்பம் அனுப்பப்படுமுன், பாடத்தெரிவு நிகழ்கிறது. பாடத்தெரிவுக்கு முன்னரே, ஊர்ப் பாடசாலையில் எப்பாடம் கற்பிக்கப்படும் என்பது முடிவாகிவிடுகிறது. ஒதுக்கீடு வாயிலின் அகலத்தைக் கூட்டலாம். வாயில்வரை செல்லும் பாதையை ஆசிரியரும் ஆய்வுகூடமுமே அமைத்தல் வேண்டும். மொழியால் ஒருமுறையும் மாவட்டத்தால் மறுமுறையும் எண்ணப்பட்ட கரையோரப் பிள்ளை, தான் கற்ற பாடசாலையின் நிலையால் இன்னும் எண்ணப்படவில்லை. இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் அதுவே.