இரை மறுத்த பாம்புகள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். ஆயினும், பாம்பைக் கூண்டில் வைத்து வளர்ப்போர் அதன் நஞ்சினும் மிகுதியாக அஞ்சுவது அதன் பட்டினிக்கே. எதிரே இட்ட இரையை ஏறெடுத்தும் பாராமல் வாரக்கணக்கில் சுருண்டு கிடக்கும் பாம்பை என் செய்வது? இவ்வினாவுக்கு விடை காண மாந்தருக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1849-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் திறக்கப்பட்டது. 1899-இல் நியூயார்க்கிலும் அத்தகைய இல்லம் எழுந்தது. அதன் பொறுப்பை ரேமண்ட் டிட்மார்ஸ் ஏற்றார். மலாயாக் காடுகளுக்கும் உரிய பெரிய மலைப்பாம்புகள் அங்கே இரை மறுத்தபோது, பலர் கூடி அவற்றின் உடலை நிமிர்த்திப் பிடிக்க, இறந்த முயல்களைக் கழியால் தொண்டைக்குள் செலுத்தினர். உண்ணாதது குறை, ஊட்டுவது கடமை. இதுவே அக்காலக் கொள்கை.

ஆனால், உண்ணாமைக்குக் காரணம் உண்டு என்பதற்கான சான்று முன்னரே கிடைத்திருந்தது. 1841-இல் பாரிஸ் நகரின் உயிரியல் பூங்காவில் ஒரு மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு மாதம் கிடந்தது. அறிஞர் வாலன்சியேன் அதன் உடல் வெப்பத்தை அளந்து, சூழலினும் அது மிகுந்திருக்கக் கண்டார். அடைகாக்கும் மலைப்பாம்பு இரை நாடாது. அது நோயன்று; தாய்மையின் நோன்பு.

இருபதாம் நூற்றாண்டில் கூண்டின் மீதே கவனம் திரும்பியது. இலண்டனில் ஜோன் புராக்டர் அம்மையார் வகுத்த புதிய ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. அங்கே மின்சாரத்தால் இடத்துக்கிடம் வேறுபட்ட வெப்பம் அளிக்கப்பட்டது. 1944-இல் கவுல்ஸ், போகர்ட் ஆகிய இருவரும், பாலைநில ஊர்வன வெயிலையும் நிழலையும் மாறி மாறி நாடித் தம் உடல் வெப்பத்தைச் சீராக்குகின்றன என விளக்கினர். போதிய வெப்பமின்றேல் பாம்புக்குச் செரிமானம் இல்லை. விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும். எனவே, குளிர்ந்த கூண்டில் இரையை மறுப்பது பாம்பின் தற்காப்பே ஆகும்.

2007-இல் மார்ஷல் மெக்கியூ வெளியிட்ட ஆய்வு மேலும் வியப்பளிப்பது. ஏறத்தாழ ஆறு மாதம் இரையின்றி இருந்த பாம்புகளுள் சில, தம் உடலின் ஆற்றல் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. அந்நிலையிலும் அவற்றின் நீளம் வளர்ந்தது.

இவ்வரலாறு வளர்ப்போர்க்கு ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்துள்ளது. முதலில் வெப்பத்தை அளத்தல் வேண்டும். ஒளிந்துகொள்ள மறைவிடமும் பருகத் தூய நீரும் உளவா எனக் காணல் வேண்டும். கண் மங்கித் தோலுரிக்கும் நிலையா, இனப்பெருக்கக் காலமா, புதிய இடத்தின் அச்சமா என ஆராய்தல் வேண்டும். பல்லியையே தின்று பழகிய பாம்புக்கு, பல்லியின் மணம் ஏற்றிய எலியை இட்டுப் பார்க்கலாம். அடிக்கடி கையிலெடுத்து அலைக்கழித்தல் ஆகாது.

எனினும், நோன்புக்கும் எல்லை உண்டு. ஆதலின், பாம்பைத் தவறாது நிறுத்து, எடையைக் குறித்து வருதல் இன்றியமையாதது. எடை தொடர்ந்து குறைந்தாலும், வாயில் புண்ணோ மூச்சில் இரைச்சலோ தோன்றினாலும் விலங்கு மருத்துவரை நாடல் வேண்டும். வலிந்து ஊட்டுவது தொண்டையைப் புண்படுத்தும். உண்டதைக் கக்கவும் செய்யும். டிட்மார்ஸ் காலத்தில் முதலில் கையாண்ட அம்முறை, இன்று மருத்துவர் கைக்கு உரிய இறுதி வழியாய் நிற்கின்றது. வாய் பேசா உயிரின் மறுப்புக்கும் பொருள் உண்டு என்பதை மனிதன் உணர்ந்ததே இம்மாற்றத்தின் வேர்.