கொலம்பியாவில் ஒரு மாணவர்
அண்ணல் அம்பேத்கரின் நியூயார்க் ஆண்டுகள் (1913–1916)

இம்மலரை வாசிக்கும் இளைஞருள் உதவித்தொகை பெற்றுப் படித்தவர்களும், இன்று படித்துக்கொண்டிருப்பவர்களும் பலர் உளர். பிறர் பொருளால் கல்வி பெறும் ஒருவர் அக்கல்வியை எவ்வாறு பயன்கொள்ள வேண்டும்? படித்து முடித்தபின் அவர் யாருக்குக் கடன்பட்டவர்? இவ்வினாக்கள் அவர்தம் உள்ளத்தில் எழுவது இயல்பே. இவற்றுக்கு விடை தேடுவோர், கடல் கடந்து ஒரு துறைமுகப் பெருநகரில் அண்ணல் அம்பேத்கர் மாணவராய் வாழ்ந்த மூன்றாண்டுகளை அறிந்துகொள்வது நலம். அரசியல் சட்டத்தை வகுத்த மேதையாக அவரை நாடறியும். கையில் அளவான பணமும் நெஞ்சில் அளவற்ற கவலையும் கொண்டு படித்த மாணவராக அவரை அறிந்தோர் சிலரே.

உதவித்தொகையும் ஒப்பந்தமும்

சாத்தாராவில் சிறுவனாகப் பள்ளி சென்றபோது, வகுப்பில் ஒரு மூலையில் தனியே கோணிப்பை விரித்து அமர்ந்தவர் அவர். குழாயைத் தாமே திறந்து நீர் பருகும் உரிமை அவருக்கு இல்லை. பள்ளிப் பணியாள் திறந்துவிட்டால் நீர் உண்டு. பணியாள் வராத நாளில் தாகமே உண்டு. அந்நிலையிலிருந்து 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1912ஆம் ஆண்டு பி.ஏ. பட்டத்துக்குரிய கல்வியை முடித்தார். கல்லூரிப் படிப்புக்குப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் உதவினார்.

1913 பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் ராம்ஜி சக்பால் காலமானார். மகனைக் கற்றவனாக்க ஓயாது உழைத்த அத்தந்தை மறைந்த சில மாதங்களில் வெளிநாட்டுக் கல்விக்கான வாய்ப்பு வந்தது. பரோடா அரசு மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் வழங்க முன்வந்தது. படித்துத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஜூன் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலை மாத மூன்றாம் வாரத்தில், 22 வயது இளைஞராக, அவர் நியூயார்க் நகரில் இறங்கினார்.

சாதி கேட்காத நகரம்

ஹட்சன் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது நியூயார்க். பல நாட்டு மக்கள் கப்பல்களில் வந்திறங்கிக் குடியேறிய காலம் அது. நகரின் வடபகுதியில், ஹட்சன் கரைக்கு அருகில், உயர்ந்த மேட்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் இருந்தது. மாணவர் அம்பேத்கர் முதலில் ஹார்ட்லி ஹால் என்னும் விடுதியில் தங்கினார். பின்னர் பல நாட்டு மாணவர் கூடி வாழ்ந்த காஸ்மாபாலிட்டன் கிளப்பிலும், அதன்பின் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியிலும் வசித்தார். அங்கே நாவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு வாழ்நாள் நண்பரானார்.

அந்நகரில் அவரை எவரும் சாதி கேட்கவில்லை. ஒரே மேசையில் உண்டார். ஒரே வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டார். வெளிநாட்டு வாழ்க்கை, தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவையே தம் மனத்தினின்று துடைத்துவிட்டது எனப் பின்னாளில் அவரே எழுதினார். ஆயினும் அந்நாட்டிலும் மனிதரை மனிதர் தாழ்த்தும் கொடுமை இல்லாமலில்லை. பல்கலைக்கழகத்தை அடுத்த ஹார்லம் பகுதி, அவ்வாண்டுகளில்தான் கறுப்பின மக்கள் பெருகிவாழும் இடமாக மாறிவந்தது. அம்மக்களின் போராட்டத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு, 1946ஆம் ஆண்டு கறுப்பின மக்களின் அறிஞர் டூ பாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் சான்றாகும்.

காலமே செல்வம்

புதிய நாட்டில் முதற் சில மாதங்கள் அவர் மனம் படிப்பில் முழுமையாக ஊன்றவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இதனை நம் இளைஞர்க்கு மறைக்க வேண்டியதில்லை. பெரியோரும் தடுமாறியதுண்டு, தடுமாற்றத்தை உணர்ந்து மீண்டமையாலேயே அவர்கள் பெரியோர் ஆயினர். மூன்றாண்டு முடிந்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்பதை உணர்ந்த அவர், அதன்பின் ஒரு நாளையும் வீணாக்கவில்லை.

பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனப் பாடப்பிரிவுகளை எடுத்துப் படித்தார். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் தொடக்கப் பாடங்களையும் கற்றார். ஒரு பட்டத்துக்கு இத்தனை பாடங்கள் தேவையில்லை. பட்டத்துக்காக மட்டும் படிக்கவில்லை என்பதை இக்கணக்கே உணர்த்தும். கிடைத்த சொற்பத் தொகையில் வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. மீந்ததைப் பழைய புத்தகக் கடைகளில் செலவிட்டார்.

பொருளியலில் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி, மானிடவியலில் கோல்டன்வைசர் ஆகியோர் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள். மக்களாட்சி என்பது வெறும் ஆட்சிமுறையன்று, மனிதர் கலந்து வாழும் வாழ்க்கைமுறை என்னும் டூயியின் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது. 1936ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியுடன் குறிப்பிட்டார்.

மறக்க முடிந்ததை ஆராய்ந்தார்

1915ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் தோன்றி வளர்ந்த முறை பற்றி ஓர் ஆய்வுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அகமண வழக்கமே சாதியின் உயிர்நாடி என்று அவ்வுரையில் நிறுவினார். உடன்கட்டை, கைம்மைக் கொடுமை, சிறுமியர் திருமணம் ஆகிய மூன்றும் அவ்வேலியைக் காக்க எழுந்தவையே என்று காட்டினார். அவ்வுரை 1917ஆம் ஆண்டு அச்சேறியது.

இங்கேதான் நாம் சிறிது நின்று எண்ண வேண்டும். சாதி கேட்காத நகரில் சாதியை மறந்து வாழ்வது எளிது. தாம் பெற்ற விடுதலையில் தம் மக்களை மறந்தோர் உலகில் பலர் உண்டு. அண்ணலோ, அந்த விடுதலை தந்த தெளிவைக் கொண்டே தம் மக்களைப் பிணித்த விலங்கை ஆராய்ந்தார். வலியோடு அனுபவித்ததை, அறிவோடு விளக்கும் ஆற்றலைக் கொலம்பியாவில் பெற்றார்.

பட்டமும் பரோடாவும்

1916ஆம் ஆண்டு லண்டன் சென்று பொருளியலும் சட்டமும் படிக்கத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடியவே, 1917 ஆகஸ்டில் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. உலகப்போர் நடந்த காலமாதலால், தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய பெட்டிகளும் நூல்களும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் கடலில் மூழ்கின.

ஒப்பந்தப்படி பரோடா சென்றார். அவருக்கு அங்கே தங்க இடமில்லை. தம்மை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடியேந்திய பத்துப் பன்னிருவர் வந்து, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று மிரட்டினர். நண்பர் இருவரை அணுகியும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் இருட்டும்வரை அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவின் பட்டம் பரோடாவில் ஒரு கூரையைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

கல்வி வந்தால் இழிவு தானே நீங்கும் என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். பரோடா நிகழ்ச்சி அதனை மறுக்கிறது. கல்வி இழிவைத் தானே நீக்குவதில்லை. இழிவை எதிர்க்கும் வலிமையை நமக்குத் தருகிறது. அவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாயில் பேராசிரியராய்ப் பணிபுரிந்து பணம் சேர்த்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியோடும், நண்பர் பதேனா அளித்த கடனோடும் 1920ஆம் ஆண்டு மீண்டும் லண்டன் சென்று, விட்ட படிப்பை முடித்தார். தடியோடு வந்தோரும் பார்சிகளே. கடன் கொடுத்துத் தாங்கியவரும் பார்சியே. ஒரு கூட்டத்தாரை வைத்து ஒரு மனிதரை எடைபோடலாகாது என்பதும் இவ்வரலாறு தரும் பாடம்.

கடன் தீர்த்த வழி

பரோடாவுக்கு எழுதிக்கொடுத்த பத்தாண்டுப் பணி நிறைவேறவில்லை. ஆனால் அவர் தம் மக்களுக்குப் பட்ட கடனை வாழ்நாள் முழுதும் செலுத்தினார். 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாரோடு அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடினார். 1945ஆம் ஆண்டு மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் சித்தார்த்தா கல்லூரி மறு ஆண்டு பம்பாயில் திறக்கப்பட்டது. உதவி பெற்றுப் படித்தவர் பிறர் படிக்க வழி திறந்தார்.

1952 ஜூன் 5ஆம் நாள் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்தில் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. அதற்கு நான்கு நாள் முன்னர் ஆசிரியர் டூயி மறைந்தார். ஆசிரியரைக் காண இயலவில்லை. ஆனால் ஆசிரியர் கற்பித்ததை ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் பொறித்துவிட்டே மாணவர் அந்நகருக்குத் திரும்பினார்.

இளைஞர்களே! உங்களுள் சிலர் நாளை கடல் கடந்து செல்லலாம். பலர் பக்கத்து நகருக்கே படிக்கச் செல்லலாம். எங்குச் சென்றாலும் காலம் அளவானது, கடன் பெரிது என்பதை மறவாதீர். உங்களைச் சாதி கேட்காத இடம் ஒன்று வாய்க்குமானால் மகிழுங்கள். அங்கே நின்று, அவ்வாய்ப்பு இன்னும் வாய்க்காத உங்கள் தம்பி தங்கையரை எண்ணிப் படியுங்கள்.